போன் குடு

"அந்த ஆயாவை இந்த ரூம்ல இருந்து மாத்திடுங்க மேடம். இல்லன்னா நான் மேல எழுத வேண்டியிருக்கும்."

குழந்தைகள் காப்பகத்தின் பொறுப்பாளர் மேஜையில் கிடந்த காகிதத்தைப் பார்த்தார். ரெண்டு பக்கம் நெருக்கி எழுதியிருந்தது. கையெழுத்து மட்டும்தான் பாக்கி.

"என்ன விஷயம்? உட்கார்ந்து சொல்லுங்கம்மா."

"என் பையனை உச்சா போக வைக்க அந்தம்மா போன் காட்டுது. பிள்ளைங்க ரூம்ல போனே கூடாதுன்னு நீங்கதானே சுவத்துல எழுதி ஒட்டியிருக்கீங்க?"

"நீங்க பார்த்தீங்களா?"

"பார்க்க வேற வேணுமா? வீட்டுல உட்கார வெச்சா 'போன் குடு'ன்னு கையை நீட்டுறான். நாங்க அவன் கண்ணுல போனையே காட்டுறதில்ல. வேற எங்க கத்துக்கிட்டான்?"

சொன்னது அத்தனையும் நிஜம். சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. பொறாமை. அதற்கு வேறு பெயர் வைத்து என்ன ஆகப்போகிறது?

பக்கத்து வீட்டுக் குழந்தை உச்சா வந்தால் கேட்டுப் போகிறது என்று காதில் விழுந்த அன்றைக்கே அவள் ஆரம்பித்துவிட்டாள். அப்போது பையனுக்கு ஒன்றரை வயசு. வாத்து மாதிரி ஒரு குட்டி நாற்காலி, நடுவில் ஓட்டை. உட்கார்ந்தால் பாட்டு வேறு பாடும். வாத்து பாடினதுதான் மிச்சம். பையன் அரைமணி நேரம் அசையாமல் உட்கார்ந்திருப்பான். எழுந்து நாலடி நடப்பான், தரையில் போவான்.

"ஏண்டா, இவ்வளவு நேரம் என்னடா பண்ணின?"

அதட்டல், அழுகை, துடைக்கிற துணி. ஒரு வருஷமாக இதே கூத்து.

அவளுக்கு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. "ஊருக்கெல்லாம் குப்பியைக் கையில குடுத்துப் போயிட்டு வாங்கன்னு அனுப்புற. வீட்டுல இருக்கற ஒருத்தன்கிட்ட உன் பாச்சா பலிக்கலியே" என்று கணவன் கிண்டல் செய்தான். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

ரெண்டரை வயசில் பையனைக் காப்பகத்தில் விட்டாள். முதல் வாரமே ஆயா சொன்னாள்.

"ரெண்டு மணி நேரம் நனைக்காம இருக்காம்மா. வர்றப்போ அவனே மூலைக்குப் போய் நின்னுக்கறான். இதுதான் ஆரம்பிக்கிற நேரம். நான் பார்த்துக்கறேன், விடுங்க."

மூணாவது வாரம், காலையில் பையில் வைத்தனுப்பின மூணு டயப்பரும் பிரிக்காமல் வீட்டுக்குத் திரும்பி வந்தன.

சந்தோஷப்பட வேண்டிய விஷயம்தான். அவளுக்கு வயிறு எரிந்தது. பெத்தவ ஒரு வருஷம் தலைகீழாக நின்றும் நடக்காதது, யாரோ ஒருத்திக்கு மூணே வாரத்தில் நடக்குமா? போதாக்குறைக்குப் பையன் அவளை "ஆயாம்மா" என்கிறான். ஆயான்னு சொன்னா போதாதா, கூட ஒரு அம்மா எதுக்கு?

வீட்டில் பழையபடி தரைதான்.

நேற்று சாயங்காலம் வாத்து மேல் உட்கார்ந்தவன் கையை நீட்டினான். "போன் குடு."

அவளுக்கு அப்போதுதான் பிடி கிடைத்தது. அடி சக்கை, இதுதான் அந்தம்மாவோட வித்தையா?

"போனும் கிடையாது, ஒண்ணும் கிடையாது. வாயை மூடிட்டுப் போடா" என்று கத்தினாள். அவன் அழுதுகொண்டே எழுந்து, வழக்கம்போல் தரையை நனைத்தான். வேறு நாளாக இருந்தால் அவளும் அழுதிருப்பாள். நேற்று தெம்பாக உட்கார்ந்து புகாரை எழுதினாள்.

பொறுப்பாளர் கடிகாரத்தைப் பார்த்தார்.

"பத்தரை. உங்க பையன் போற நேரம்தான். வாங்க, கண்ணாலயே பார்த்துடலாம். நீங்க சொல்றது நிஜம்னா அந்தம்மாவுக்கு இன்னிக்கே கணக்கு முடிச்சிடறேன். பேனாவையும் எடுத்துட்டு வாங்க, அங்கயே கையெழுத்துப் போட்டுடலாம்."

கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே ஒரு சாதாரண பிளாஸ்டிக் நாற்காலியில் பையன் உட்கார்ந்திருந்தான். வாத்தும் இல்லை, பாட்டும் இல்லை. ஆயா எதிரே தரையில் உட்கார்ந்திருந்தாள்.

"போன் குடு."

"முதல்ல போயிடு ராசா. அப்புறம் தரேன்."

"கேட்டுச்சா மேடம்?" என்று அவள் பொறுப்பாளர் கையைப் பிடித்தாள். இதற்குத்தானே வந்தாள்.

சளசளவென்று சத்தம் வந்தது. தன் வீட்டில் ஒரு வருஷம் கேட்காத சத்தம். அவளுக்கு அந்தச் சத்தத்தின் மேல்கூட ஆத்திரம் வந்தது.

ஆயா பையனைக் கழுவி, டிரவுசரை ஏற்றி, கையை சோப்புப் போட்டு அலம்பி விட்டாள். அப்புறம்தான் அலமாரியிலிருந்து போனை எடுத்தாள்.

"எடுத்துட்டா பாருங்க, இப்ப வீடியோ போடுவா" என்று கிசுகிசுத்தபடி அவள் பேனாவைத் திறந்தாள்.

பழைய பட்டன் போன். திரையில் விரிசல். பின்பக்கம் மூடியே இல்லை. பாட்டரி இருக்க வேண்டிய இடம் வெறும் பள்ளமாக இருந்தது.

பையன் அதைக் காதில் வைத்துக்கொண்டான்.

"அம்மா, நான் உச்சா போயிட்டேன். கீழ போகல."

அவள் பேனாவை மூடினாள்.

"வேலைக்குப் போயிருக்கற அம்மாவுக்கு எவ்வளவு சந்தோஷம் பாரு" என்றாள் ஆயா. "என்னடா சொல்றாங்க?"

பையன் போனைக் காதோடு அழுத்திக் கொஞ்ச நேரம் கேட்டான்.

"தங்கம்னு சொல்றாங்க" என்றான். "திட்டல."