மூன்றரை அங்குலக் கத்தி

பின்னால் காலடிச் சத்தம். நான் நின்றால் அதுவும் நிற்கிறது.

ஹூஸ்டனில் என் ஆபீஸ் பார்க்கிங் கராஜ், மூன்றாவது தளம். ஐக் புயலில் போன விளக்குகள் மூன்று வாரம் தாண்டியும் வரவில்லை. மணி இன்னும் ஏழரை ஆகவில்லை, அதற்குள் தூண் எது வேன் எது என்று தெரியாத இருட்டு. என் கார் அந்தக் கடைசியில் நிற்கிறது.

கை தானாக வலது பாக்கெட்டுக்குள் போனது.

கைக்குட்டை இருந்தது. கத்தி இல்லை.

கத்தி பேர்லேண்டில், என் வீட்டில், சரஸ்வதி படத்துக்கு முன்னால், சந்தனமும் குங்குமமுமாகச் சவுக்கியமாக உட்கார்ந்திருந்தது.

போயும் போயும் இன்றைக்கா!

இதே தளத்தில்தான், புயலுக்கு அடுத்த வாரம், திருமூர்த்தியைப் பின்னாலிருந்து அடித்துப் போட்டுவிட்டு லேப்டாப் பையைப் பிடுங்கிக்கொண்டு ஓடினான் ஒருத்தன். மண்டையில் ஒன்பது தையல். திருமூர்த்தி என் பக்கத்து சீட், கோபிக்காரன், எனக்குத் தம்பி மாதிரி. பெண்டாட்டி பிரசவத்துக்கு ஊருக்குப் போயிருக்கிறாள், தனிக்கட்டையாக இருக்கிறான். ஆஸ்பத்திரியில் அவனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோது, உண்மையைச் சொன்னால், எனக்கு அவன் மேல் இரக்கம் வரவில்லை. பயம்தான் வந்தது. அடுத்தது நான்தானே என்ற பயம்.

மறுநாளே எக்செல் ஷீட்டைத் திறந்தேன். வேறென்ன தெரியும் எனக்கு?

இணையத்தில் தேடினால் எல்லாரும் சொன்னது ஒன்றுதான். முதலில் மிளகு ஸ்ப்ரே. அது கைவிட்டால், கத்தி. சரி என்று பதினான்கு கத்திகளை வரிசைப்படுத்தினேன். நீளம், எடை, வியர்த்த கையில் பிடி வழுக்குமா, ஒற்றைக் கையால் திறக்க எத்தனை நொடி. உறையில் போடுவதா, மடக்குவதா என்பதற்கே மூன்று நாள் மண்டை காய்ந்தது. கடைசியில் முதல் வரிசைக்கு வந்தது ஒரு மடக்குக் கத்தி. கறுப்புப் பிடி, மூன்றரை அங்குலம். பெருவிரலால் தள்ளினால் ‘டக்’. ஒரு நொடிகூட ஆகாது.

சோபாவில் உட்கார்ந்து டக், டக் என்று பழகினேன். “சீரியல்ல பேசறது ஒண்ணுமே கேக்கலீங்க, அந்தக் கருமத்தைக் கொண்டுபோய் உள்ள வையுங்க” என்றாள் என் பெண்டாட்டி வசந்தாமணி. சும்மா சொல்லக்கூடாது, அருமையான ஷீட். ஆபீஸிலும் கோயிலிலும் தெரிந்த நம்மாட்களுக்கெல்லாம் அனுப்பிவைத்தேன்.

இன்றைக்கு ஆயுத பூஜை. காலையில் குளித்துவிட்டு வருவதற்குள் வசந்தாமணி அரிவாள்மணை, கத்தரிக்கோல், ஸ்க்ரூ டிரைவர், பையன் கவினின் கால்குலேட்டர் எல்லாவற்றையும் பரப்பி, நட்டநடுவில் என் கத்தியையும் ஸ்ப்ரேயையும் வைத்துப் பொட்டும் வைத்துவிட்டாள். வேலைக்குப் போக வேண்டுமே என்று கார் சாவியை மட்டும் விட்டுவைத்திருந்தாள்.

“பூஜையில வச்சத நாளைக்குத்தான் எடுக்கோணும். ஒருநாள் சாமி பாத்துக்கும், போய்ட்டு வாங்க.”

கத்தினேன். கத்தி என்ன, அவள் பாட்டுக்குக் கற்பூரத்தை ஏற்றிவிட்டாள்.

காலடி இப்போது வேகமாக வந்தது. ஓடலாமென்றால் கார் அந்தக் கடைசியில். பக்கத்துத் தூணுக்குப் பின்னால் ஒதுங்கிச் சுவரோடு ஒட்டிக்கொண்டேன். மூச்சைப் பிடித்துக்கொண்டேன்.

காலடி நின்றது. பிறகு ஒவ்வோர் அடியாகத் தூணைச் சுற்றி வந்தது.

டக்.

அந்தச் சத்தம் எனக்கு நன்றாகத் தெரியும்.

“ஐயோ அம்மா!” அலறிவிட்டேன். நாற்பத்தொரு வயது ஆம்பளை, வெட்கமே இல்லாமல்.

“அண்ணா? சேனாபதியண்ணனுங்களா?”

என் வயிற்றுக்கு ஒரு சாண் தள்ளி நின்றது கத்தி. அதற்குப் பின்னால் திருமூர்த்தி. இந்த வாரம்தான் வேலைக்குத் திரும்பியிருக்கிறான். தையல் போட்ட இடத்தில் இன்னும் சரியாக முடி முளைக்கவில்லை.

“முன்னால போனவன் நின்னு நின்னு போனான். அப்புறம் தூணுக்குப் பின்னால ஒளிஞ்சான். அவனேதான் மறுபடியும் வந்துட்டான்னு நெனச்சு...” மேலே பேச முடியாமல் அழுதான்.

கறுப்புப் பிடி. மூன்றரை அங்குலம். என் ஷீட்டின் முதல் வரிசை. அவன் வீட்டில் பூஜை போட ஆளில்லை.

என்னுடையதும் பாக்கெட்டில் இருந்திருந்தால்? அலறியிருக்க மாட்டேன். நானும் டக்கென்று திறந்திருப்பேன். ஒரு நொடிகூட ஆகாது என்று பழகிவைத்திருக்கிறேனே, தம்பி மாதிரி என்று சொன்னவன் வயிற்றிலேயே இறக்கியிருப்பேன்.

திருமூர்த்தி கத்தியை மடக்கப் பார்த்தான். பூட்டைத் தேடித் தேடி அழுத்தினான். மடங்கவில்லை. “முடியலீங்கண்ணா” என்று அப்படியே என்னிடம் நீட்டினான்.

வாங்கப்போன கையை இழுத்துக்கொண்டேன்.

“கையில குடுக்காத திரு, சண்டை வந்துரும். கீழ வை.”

அவன் தலையாட்டிவிட்டு, பக்கத்தில் நின்ற யாருடைய காரின் பானெட் மேலோ அதை மெதுவாக வைத்தான்.

இரண்டு பேருமே எடுக்கவில்லை.