காற்றில்லாத குடா

குடாவில் அன்று காற்றே இல்லை. தண்ணீர் கண்ணாடியாகக் கிடந்தால், தண்ணீரில் வந்து இறங்கும் கடல்விமானத்தை ஓட்டுபவனுக்கு வானம் எங்கே முடிகிறது, நீர் எங்கே தொடங்குகிறது என்று தெரியாது. விசைப்படகை ஓட்டி அலையெழுப்பி நீர் இருக்கும் இடத்தைக் காட்டுவது சூசைமுத்துவின் வேலை. அன்று பாதி வழியில் படகின் இயந்திரம் நின்றுவிட்டது. இறங்க வந்த விமானம் இறங்க முடியாமல், திணறும் சத்தத்தோடு மறுபடியும் வட்டமடித்தது.

“விமானத்துக்கு எண்ணெய் முடியப்போகுது,” என்று கூட இருந்த மைத்துனன் மரியதாஸிடம் சொல்லிவிட்டுச் சூசைமுத்து தண்ணீரில் குதித்தான். கைகாலால் அடித்துக்கொண்டே படகைவிட்டுத் தூரம் போனான். அவனைச் சுற்றி அலை விரிந்தது.

விமானம் திரும்பி மூக்கைத் தாழ்த்தியது.

“மச்சான், அலையைப் பாத்துத்தான் வாறான்! விலகடா!” என்று படகிலிருந்து மரியதாஸ் கத்தினான்.

சூசைமுத்து நிமிர்ந்து பார்த்தான். நிறுத்தினால் அலை அடங்கிவிடும். இன்னும் வேகமாக அடித்தான்.