கரண்ட் போனால் வரும் பாட்டு

செம்பியன் எழுந்ததும் டீ போட்டான். நைட் டூட்டி முடிந்து வந்த அவன் மனைவி பிரிசில்லா, நர்ஸ் உடுப்போடு நின்றபடியே அதைக் குடித்தாள். டப்பாவைத் திறந்து அரிசியை அளந்து ஊறப் போட்டாள். பிறகு வராந்தாவில் கடல்காற்று வரும் பக்கமாகப் பாயை விரித்துப் படுத்துவிட்டாள். தினமும் இப்படித்தான்.

சற்று நேரத்தில் ஹாமித்தும் ஞானசேகரனும் வந்து மாடியறைக்கு ஏறினார்கள். ஹாமித்துக்கு டிரம்ஸ், ஞானசேகரனுக்கு பேஸ் கிடார், செம்பியனுக்குக் கிடாரும் பாட்டும். 2004இல் கல்லூரியில் மூவரும் ஆரம்பித்த 'உப்பனாறு' ராக் பேண்டுக்கு இப்போது எட்டு வயது. சொந்தக் காசில் போட்ட சி.டி.க்கள் ஞானசேகரனின் கட்டிலுக்கு அடியில் இன்னும் தூங்கிக்கொண்டிருந்தன.

"சாயங்காலம் சிதம்பரத்துல சொதப்புனோம்னா நான் துபாய் கெளம்பிடுவேன் மச்சான். விசா வந்துருச்சு," என்றான் ஹாமித்.

"காலங்காத்தால வாயக் கழுவுடா. நம்ம பாட்டக் கேக்க மெட்ராஸ்லேருந்து ஆல்பம் போடுறவரே வராரு," என்றான் ஞானசேகரன். குடிகாட்டுக் கெமிக்கல் கம்பெனியில் நைட் ஷிப்டை முடித்துவிட்டு நேராக வந்திருந்தான்.

செம்பியன் ஆம்ப்ளிஃபயரை முழுக்கத் திருகினான். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. முதல் பாட்டு பாதி தாண்டவில்லை, கரண்ட் போய்விட்டது.

"ஆரம்பிச்சிட்டான்யா!" ஞானசேகரன் தலையில் கைவைத்தான். "நெய்வேலி இந்தாருக்கு. நமக்கு மட்டும் எப்பவும் இருட்டு."

"நாம கிடார எடுக்குறது ஈ.பி.காரனுக்கு எப்படித்தான் மூக்குல வேர்க்குமோ," என்றான் செம்பியன்.

எதிர்வீட்டில் மிக்சி சட்னி அரைத்துக்கொண்டிருந்தது. ஹாமித் ஒரு பெயிண்ட் வாளியைக் கவிழ்த்துப்போட்டு, அந்தச் சத்தத்துக்கே தாளம் தட்டினான். செம்பியன் சிரித்துக்கொண்டே மரக் கிடாரை எடுத்து 'நண்டு வளை'யைப் பாடினான். கரண்ட் இல்லாத காலைகளில் பொழுது போகாமல் கட்டிய பாட்டு அது. அப்படி இன்னும் பல இருந்தன. எதையும் அவர்கள் மேடை ஏற்றியதில்லை.

மத்தியானமாகியும் கரண்ட் வரவில்லை. பிரிசில்லா எழுந்து சோறு வடித்துப் போட்டாள்.

"தூங்குனியா?" என்று கேட்டான் செம்பியன்.

"ம். வாளி தட்டிப் பாடுனீங்களே, அதுலதான் தூக்கமே வந்துச்சு. அத இன்னிக்கு மேடையில பாடுங்களேன்."

"ராக் பேண்டுன்னா சத்தம் வேணும் பிரிசி. வாளியத் தூக்கிட்டுப் போனா பெயிண்ட் அடிக்க வந்தியாம்பாங்க. அங்க ஜெனரேட்டர் வேற வச்சிருக்காங்க. கரண்ட் போவுங்கிற பேச்சே இல்ல."

அவள் வயர்களையெல்லாம் சுருட்டி அந்த வாளிக்குள் போட்டாள். மரக் கிடாரையும் சேர்த்து வேனில் ஏற்றினாள்.

"இது எதுக்கு?" என்றான் ஹாமித்.

"பாவம், அதுவும் சிதம்பரத்தப் பாக்கட்டும்."

கல்லூரிப் பந்தலில் பொழுது சாயும்போது கூட்டம் சேர்ந்துவிட்டது. "டீசல் ரொப்பிட்டேன் தம்பி. நீங்க பாட்டுக்கு அடிங்க," என்றார் மைக்செட் சுப்புராயன். பிரிசில்லா முன்வரிசையில் உட்காரவில்லை. காது வலிக்கும் என்று சொல்லிக் கடைசிக்குப் போய்விட்டாள்.

முதல் பாட்டில் பையன்கள் விசில் அடித்தார்கள். இரண்டாவதில் பேச ஆரம்பித்தார்கள். மெட்ராஸ்காரர் ஒரு காதைப் பொத்திக்கொண்டு கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஹாமித் இன்னும் ஓங்கி அடித்தான். மூன்றாவது பாட்டில் அவர் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தேவிட்டார்.

அப்போது மேடை இருண்டது. மைக், ஆம்ப்ளிஃபயர், விளக்கு எல்லாம் செத்தன. பந்தலுக்குப் பின்னால் ஜெனரேட்டர் மட்டும் டுபுடுபுவென்று ஓடிக்கொண்டிருந்தது. சுப்புராயன் ஓடிப்போய் அதையும் நிறுத்திவிட்டு எதையோ தேடினார்.

கூட்டம் ஊளையிட்டது.

"துபாய்தான்டா," என்றான் ஹாமித்.

செம்பியன் காலில் வாளி இடறியது. ஒரு நொடி அதைப் பார்த்தான். அதை ஹாமித் பக்கம் உதைத்துத் தள்ளிவிட்டு, மரக் கிடாரை எடுத்தான். "நண்டு வளைடா!"

வாளித் தாளம் எழுந்ததும் ஊளை அடங்கியது. ஒவ்வொன்றாகச் செல்போன் வெளிச்சங்கள் முளைத்தன. பல்லவி மூன்றாவது முறை வந்தபோது பந்தலே சேர்ந்து பாடியது. வெளிச்சத்தில் செம்பியன் பார்த்தான். மெட்ராஸ்காரர் திரும்ப உட்கார்ந்து தொடையில் தட்டிக்கொண்டிருந்தார்.

முடிந்ததும் அவரே மேடைக்கு ஏறி வந்தார். "இந்த மாதிரி எத்தன பாட்டு வச்சிருக்கீங்க?"

"கரண்ட் போன நாளைக்கு ஒண்ணு சார்," என்றான் ஞானசேகரன்.

"அப்போ ஆல்பத்துக்குப் போதும். வாளியையும் எடுத்துட்டு மெட்ராஸ் வாங்க."

ஹாமித் வாளிக்கு முத்தம் கொடுத்தான். "விசாவ என் மச்சினனுக்குக் குடுத்துடறேன்டா!"

செம்பியன் இரண்டு டீ வாங்கிக்கொண்டு பந்தலின் கடைசிக்கு ஓடினான். பிரிசில்லா கைப்பையை மடியில் வைத்து அமைதியாக உட்கார்ந்திருந்தாள். பின்னால் சுப்புராயன் இன்னும் டார்ச் அடித்துக் குனிந்து தேடிக்கொண்டிருந்தார்.

"ஆல்பம் போடுறாங்க பிரிசி! இத்தன வருசமா நான் திட்டுன கரண்ட் கட்டுதான் இன்னிக்கு நம்மளக் காப்பாத்துச்சு. அந்த ஈ.பி.காரன் யாருன்னு தெரிஞ்சா ஆளுயர மாலை போடுவேன்!"

அவள் டீயை ஒரு வாய் குடித்தாள். கைப்பையைத் திறந்து, வெள்ளைப் பீங்கான் ஃபியூஸ் கட்டை ஒன்றை எடுத்து அவன் உள்ளங்கையில் வைத்தாள்.

"இத அந்த அண்ணங்கிட்டக் குடுத்துடுங்க. நம்ம வீட்டுது அரிசி டப்பாவுல இருக்கு."