ஜன்னலுக்கு ஜன்னல்

மூன்று தலைமுறை அகதி முகாமில் வாழ்ந்த பிறகு, ரிஹாபின் குடும்பத்துக்குப் பாலஸ்தீனத்தில் சொந்த ஊர் மண் திரும்பக் கிடைத்தது. சுவர்களை அடுக்கடுக்காக அச்சடித்து வீடு கட்டும் இயந்திரம் அவளிடம் கேட்டது: "பக்கத்து வீட்டுக்கு எத்தனை மீட்டர் இடைவெளி விடட்டும்? இடம் தாராளமாக இருக்கிறது."

ரிஹாப், முகாமிலும் பக்கத்து வீட்டுக்காரியாக இருந்த இன்ஸாஃபை எதிரே நிற்க வைத்தாள். இருவரும் கையை நீட்டினார்கள். விரல்கள் தொட்டன.

"இவ்வளவு போதும்."

"வெளிச்சம் வராதே, அம்மா" என்றது இயந்திரம்.

"முகாமில் மட்டும் வந்ததா? ராணுவம் போட்ட ஊரடங்கில் எனக்குப் பிள்ளை பிறந்தது. வெளியே தலைகாட்ட முடியாது. இவள்தான் தினமும் ஜன்னல் வழியாக சூப்பும் ரொட்டியும் நீட்டினாள். இடைவெளி ஒரு முழம் கூடியிருந்தால் நானும் இல்லை, என் மகனும் இல்லை."

இன்ஸாஃப் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "சூப்பில் உப்பில்லை என்று திட்டினாயே, அதையும் சொல்லேன்."

இயந்திரம் சுவர் எழுப்பத் தொடங்கியது. "தெருவுக்கு என்ன பெயர்?"

முகாமில் அவர்கள் குடியிருந்த சந்துக்கு, இழந்துபோன இந்த ஊரின் பெயரைத்தான் வைத்திருந்தார்கள்.

"முகாம் தெரு" என்றாள் ரிஹாப்.