கீழே கேக்குதுங்களா?

"இதைவிடக் கம்மியாச் சத்தம் வர்றது இல்லீங்களா, அம்மணி?" என்று கேட்டாள் ராமாமணி. கண் இரண்டும் சிவந்து, இமை தானாக இறங்கிக்கொண்டிருந்தது.

அந்த வீட்டு உபயோகப் பொருள் கடையின் மாடியில் ஒன்பது வருடமாக ஹோம் தியேட்டர் விற்கிறாள் மதிவதனி. இப்படிக் கேட்டு ஒருவரும் படியேறி வந்ததில்லை.

"அக்கா, வர்றவங்க எல்லாம் செவுரு அதிரோணும்னு கேப்பாங்க. நீங்க என்னங்க, தியானம் பண்றதுக்கா வாங்கறீங்க?"

சிரிக்கக்கூடத் தெம்பில்லாமல் ராமாமணி கணவனைப் பார்த்தாள். பாலுசாமி சட்டைப் பையிலிருந்து மடித்த தாளை எடுத்து விரித்தார். சரவணம்பட்டி அபார்ட்மெண்டின் ஹால் அளவு அதில் இருந்தது. டி.வி. எந்தச் சுவரில் வரக்கூடும், சோபா எங்கே வரக்கூடும் என்றெல்லாம் பென்சிலில் கட்டம் போட்டிருந்தார்.

"வெள்ளிக்கிழமை பால் காய்ச்சறதுங்க. அன்னைக்கே இது ஊட்டுக்குள்ள போயிரோணும். இல்லைன்னா பசங்க பெருசா ஒண்ணைக் கொண்டாந்து வெச்சுப்போடுவாங்க. முந்தியே ஒண்ணு வந்துருச்சுன்னா வேண்டாம்னு சொல்ல மாட்டாங்கல்லங்க?"

"பசங்கன்னா அப்படித்தானுங்கண்ணா. எங்க ஊட்லயும் ரெண்டு இருக்குது," என்றபடி மதிவதனி முதல் செட்டைப் போட்டாள். ஏதோ சண்டைக் காட்சி. குத்து ஒவ்வொன்றும் நெஞ்சில் விழுந்தது.

"ஒரு நிமிசம் இருங்க," என்ற ராமாமணி, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு கீழ்த்தளத்துக்கு இறங்கிப் போனாள். கொஞ்ச நேரத்தில் பாலுசாமியின் போன் அடித்தது.

"ஏனுங்க, கேக்குது. இங்க ஃபிரிட்ஜுக்குள்ள கண்ணாடித் தட்டெல்லாம் கடகடங்குது."

மதிவதனிக்குப் புரியவில்லை. "அக்கா எதுக்குங்க கீழ போனாங்க?"

"கீழ் ஊட்டுக்குக் கேக்கக் கூடாதுங்க. அங்க ராத்திரி டூட்டி பாக்கற ஆளு இருக்குது. பகல்லதான் கண் அசரோணும். முன்ன மேல குடியிருந்தவங்க போட்ட சத்தத்துல ரெண்டு வருசமாத் தூக்கமில்லை. ஒரு நா பஸ்ஸுல தூங்கி, சரவணம்பட்டில எறங்காம அன்னூர் போயித்தான் முழிப்பே வந்துச்சு."

மதிவதனி சிரித்துவிட்டாள். பாலுசாமி சிரிக்கவில்லை.

"டூட்டிலயும் ஒருக்கா கண் அசந்து மெமோ வாங்கியாச்சுங்க. இன்னொருக்கான்னா வேலை போயிரும்."

அதற்குப் பிறகு மதிவதனி விளையாட்டுப் பேச்சை விட்டாள். இரண்டாவது செட்டை அவளே குறைத்து வைத்துப் போட்டாள்.

"கேக்குது," என்றது போன்.

மூன்றாவது. "இதுவும் கேக்குதுங்க. மண்டைக்குள்ள இடிக்குது."

"சிக்கலே இந்த ஊஃபர்தானுங்கண்ணா," என்று தரையில் இருந்த கறுப்புப் பெட்டியைக் காட்டினாள் மதிவதனி. "தரையைப் புடிச்சு ஆட்டறது இதுதான். இது இல்லாத ஒண்ணு இருக்குது. ஆனா அது ஒரு நீளமான ரேடியோ, அவ்வளவுதான். பசங்க மூஞ்சியத் தூக்கி வெச்சுக்குவாங்க."

"அதைப் போடுங்க."

டி.வி.க்கு அடியில் வைக்கிற மெல்லிய பட்டை அது. சத்தத்தை முக்கால் வரை ஏற்றினாள்.

"ஏம் புள்ளே, கேக்குதா?" என்றார் பாலுசாமி போனில்.

பதில் இல்லை.

"புள்ளே... இன்னுங் கொஞ்சம் ஏத்தச் சொல்றேன். இப்பக் கேக்குதா?"

போனைக் காதோடு அழுத்திக் கேட்டவர், மதிவதனியிடம் நீட்டினார். உள்ளே மெல்லிய குறட்டை.

"இதையே குடுத்துருங்க," என்றார்.

இருவரும் இறங்கி வந்தார்கள். இரண்டு வாஷிங் மெஷின்களுக்கு நடுவே, பிளாஸ்டிக் நாற்காலியில், தலை ஒரு பக்கம் சாய்ந்து ராமாமணி தூங்கிக்கொண்டிருந்தாள். காலையிலிருந்து கடை கடையாக ஏறி இறங்கிய அலுப்பு, பாவம் என்று நினைத்துக்கொண்டாள் மதிவதனி. பில் புத்தகத்தைச் சத்தமில்லாமல் திறந்தாள்.

"எந்த ஊட்டுக்குங்கண்ணா கொண்டாரோணும்?"

"நானூத்தி மூணுங்க. மறக்காம கிஃப்ட் பேப்பர் சுத்திப்போடுங்க."

"உங்க கீழ் ஊட்டுக்காரங்க குடுத்து வெச்சவங்க. இந்தக் காலத்துல ஆருங்க இப்படிப் பாக்கறாங்க?" என்றவள் எழுதுவதை நிறுத்தி நிமிர்ந்தாள். "உங்க ஊட்டுக்கு நீங்களே வாங்கறதுக்குக் கிஃப்ட் பேப்பர் எதுக்குங்க?"

பேச்சுச் சத்தத்தில் விழித்த ராமாமணி, கண்ணைத் திறக்காமலே சொன்னாள்:

"பால் காய்ச்சறது மேல் ஊட்டுக்கு வர்ற பசங்க, அம்மணி. நாங்க கீழ் ஊடு."