மூன்றாவது காபி

பக்கத்து வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்த வர்ஷினி, ராமாமணியின் மஞ்சள் அடுக்குச் செம்பருத்தியைப் பார்த்து மயங்கிப்போனாள்.

“அக்கா, நட்டு வைக்க ஒரு குச்சி ஒடிச்சுத் தர்றீங்களா?”

“அது மட்டும் கேக்காதீங்க அம்மணி. தரமாட்டேனுங்க.”

வர்ஷினிக்கு முகம் சுண்டிப்போனது. ஒரு குச்சிக்கா இத்தனை கஞ்சத்தனம்?

“இருங்க, காபி கொண்டாரேன். கத்தரிக்கோல் அந்தத் தொட்டி மேலதான் இருக்குதுங்க. நான் வர நேரமாகும்” என்றபடி ராமாமணி உள்ளே போனாள்.

காபிக்கும் கத்தரிக்கோலுக்கும் என்ன சம்பந்தம்? ஒன்றும் புரியாமல் வர்ஷினி கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

திரும்பி வந்த ராமாமணி முதலில் செடியைத்தான் பார்த்தாள். முகம் வாடிவிட்டது. “இன்னொரு காபி குடிங்க” என்று, வர்ஷினி வேண்டாம் என்பதற்குள் உள்ளே போய்க் கதவையும் சாத்திக்கொண்டாள்.

இரண்டாவது டம்ளரோடு வந்தவள் மறுபடியும் செடியையே பார்த்தாள்.

வர்ஷினி குழம்பிப்போய் எழுந்தாள். “நான் கெளம்பறேன்க்கா.”

ராமாமணி தலையில் அடித்துக்கொண்டாள்.

“ஏனுங்க அம்மணி, கேட்டு வாங்கி வெச்ச குச்சி வேர் பிடிக்காதுங்க, திருடி வெச்சாத்தான் பிடிக்கும். மூணாவது காபி போடப் போறேன். அதுக்கு மேல ஊட்ல பாலு இல்லைங்க. இப்பவாவது திருடிப்போடுங்க, கண்ணு!”