தாடிக் குள்ளன்

"கழுத்தை இன்னும் இறுக்குங்க. தலை ஆடுது" என்றாள் சகாயராணி, ஜன்னலை இழுத்துச் சாத்தியபடி.

மனுவேல் பல்லைக் கடித்துக்கொண்டு நூலை இழுத்தான். குள்ளன் பொம்மையின் தலை நேராக நின்றது. கூம்புத் தொப்பி, உருண்டை மூக்கு எல்லாம் முடிந்து, வெள்ளை உல்லனில் தாடி மட்டும்தான் பாக்கி.

மனுவேல் பள்ளிக்கூட ஜீப் டிரைவர். தாண்டிக்குடி ஏற்றத்தில் ஜீப் நின்றுபோகும் போதெல்லாம், கூட வந்த வெள்ளைக்கார டீச்சர் அவனுக்குப் பின்னல் கற்றுக்கொடுத்தார். ஜீப் அடிக்கடி நின்றது, அவனும் தேறிவிட்டான்.

"நீ பின்னுனதாவே சொல்லு. ஜீப் ஸ்டாண்டுல தெரிஞ்சா என்னைய ஓட்டியே கொன்றுவாய்ங்க" என்றான்.

அவன் பெண்டாட்டி சகாயராணி அதே பள்ளியில் தற்காலிக ஆயா. வேலை நிரந்தரமாவது பெரிய சிஸ்டர் கையில் இருந்தது. 1978 கிறிஸ்மஸ் விழாவில் குள்ளனை அவரிடம் நீட்டினாள்.

சிஸ்டர் தாடியைத் தடவித் தடவிப் பார்த்தார். "நீயே பின்னுனியா?"

"ஆமாங்க சிஸ்டர்."

"உன் வேலை நிரந்தரம்னு வச்சுக்கோ. நாளைக்கே நம்ம பிள்ளைகளுக்கு நிட்டிங் கிளாஸ் எடு. மேட்ரனும் கூட இருக்கட்டும்."

சகாயராணி பக்கத்தில் நின்ற மேட்ரனை ஓரக்கண்ணால் பார்த்தாள். மேட்ரன் தெரசம்மாள் கைவேலையில் பேர் போனவள். சிஸ்டர் போட்டிருந்த ஸ்வெட்டரே அவள் கொடுத்ததுதான்.

"எனக்கு நாளைக்கு ஏகப்பட்ட சோலி கெடக்கு சிஸ்டர். இவ ஒருத்தியே போதும்" என்று சொல்லிவிட்டுத் தெரசம்மாள் வெரசாக நழுவினாள்.

சகாயராணி ஸ்டோர் ரூம் வரை துரத்திப் பிடித்தாள்.

"அக்கா, நீங்கதான் காப்பாத்தணும். எனக்கு ஊசியைப் பிடிக்கக்கூடத் தெரியாது. எல்லாம் எங்க வீட்டுக்காரரு பின்னுனது!"

தெரசம்மாள் அவளை ஏற இறங்கப் பார்த்தாள்.

"உங்க வீட்டுக்காரருகிட்ட மட்டும் சொல்லிராதீங்கக்கா" என்று அழவே ஆரம்பித்தாள் சகாயராணி. தெரசம்மாளின் புருஷன் சூசைமாணிக்கம் ஃபாரஸ்ட் கார்டு. அவர் மீசையைக் கண்டாலே விறகு திருடுகிறவர்கள் சுமையைப் போட்டுவிட்டு ஓடுவார்கள். "ஆம்பளை ஊசி பிடிக்கிறானான்னு அவரு சிரிச்சார்னா, இவரு ஊரை விட்டே போயிருவாரு."

தெரசம்மாள் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, அவள் காதருகே குனிந்தாள்.

"மெதுவாப் பேசுடி. எங்க வீட்லயும் அவருதான்!"